மாந்தை மண்ணில் ஒரு வார்ப்புப் பட்டறை

மன்னார்த் தீவின் தென்கரையிலே இன்று முப்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ‘தம்பபவனி’ என்னும் பெயருடன் தொழிற்படத் தொடங்கிய அவை, 103.5 மெகாவாற் மின்னாற்றலைத் தரவல்லவை. சோளகக் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் அக்கரையிலே நடந்து செல்வோர் சுழலும் இறக்கைகளை அண்ணாந்து நோக்கி வியப்பர். ஆயின் அந்த மூன்று இறக்கைகளையும் பிணித்து நிற்கும் நடுக்குடத்தை நினைப்போர் அரியர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து பொருந்தும் குடம் போன்றது அது. பல தொன் எடையுள்ள இத்தகைய குடங்கள், இரும்பை உருக்கி மண் அச்சிலே வார்த்துச் செய்யப்படுபவை. வானளாவ நிற்கும் புதுமையின் நெஞ்சிலே, மனிதன் கண்ட மிகப் பழைய தொழில்களுள் ஒன்று மறைந்திருக்கிறது.

அந்தப் பழைய தொழிலை நான் அறிந்துகொண்ட இடம் காற்றாலையன்று. தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்துக்கு வந்தால், தெருவிலிருந்து சற்று உள்ளொதுங்கி, பனைகளின் நடுவே ஓர் ஓலைக்கொட்டில் உண்டு. அதன் முன்னே பழைய அலுமினியமும் பித்தளையும் குவிந்து கிடக்கும். உள்ளே ஓர் உலை, ஒரு மண்குவியல், சுவரிலே மரத்தாற் செய்த உருக்கள். இவையே அங்குள்ள செல்வம் அனைத்தும். மன்னார்ப் பகுதிப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்து வந்த நான், 2010ஆம் ஆண்டில் ஒரு நாள் உடைந்த கதவுப் பிணைச்சல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன். பிணைச்சலைச் செய்வித்துக்கொண்டு திரும்புவதே என் எண்ணம். அன்று தொடங்கிய தொடர்பு இன்றுவரை அறவில்லை.

அப்பட்டறையின் பெரியவரை நான் ‘ஐயா’ என்றே அழைப்பேன். அவர் என்னை ‘மாஸ்டர்’ என்பார். தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து மடுக்கோயில் வளவில் தங்கியிருந்த காலத்திலேதான் அவர் இத்தொழிலைக் கற்றாராம். பொருளாதாரத் தடையால் புதிய பொருள்கள் வந்து சேராத நாள்கள் அவை. ஓட்டைப் பானையை உருக்கி உருப்படியான பானையாக்கத் தெரிந்தவனுக்கு அன்று ஊரிலே தனி மதிப்பு இருந்தது. தேவை ஆசிரியனாக நின்று கற்பித்த பாடம் அது.

மன்னார்க் கரைக்கு உலோகத் தொழில் புதிதன்று என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மாந்தை, பண்டைய பெருந்துறைமுகம். 1980ஆம் ஆண்டிலும், பின்னர் 1982 முதல் 1984 வரையும் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. நாட்டில் மூண்ட கலவரத்தால் அப்பணி இடையிலே நின்றது. அதன் முழு அறிக்கை 2013இலேயே நூலாக வெளிவந்தது. 2009-10இல் மீண்டும் தோண்டியபோது கிடைத்த மிளகையும் கிராம்பையும் ஆராய்ந்தோர் தம் முடிவுகளை 2018இல் வெளியிட்டனர். கிழக்குக்கடல் தீவுகளின் கிராம்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துறையில் வந்து இறங்கியிருக்கிறது.

அகழாய்வு கூறுவது இவ்வளவு. கதை கூறுவதோ வேறொன்று. கம்மாளர் என்னும் ஐந்தொழிலாளர் முன்னொரு காலத்தில் காந்தக் கல்லால் கட்டிய கோட்டையில் வாழ்ந்தனர் என்றும், படையெடுத்து வந்தோரின் ஆயுதங்களை அக்கோட்டை தன்பால் இழுத்துக்கொண்டமையால் எவராலும் அதனை வெல்ல முடியவில்லை என்றும், இறுதியிலே பகைவர் மறைபொருளை அறிந்து, வரகு வைக்கோலால் கோட்டையைப் போர்த்துத் தீமூட்டினர் என்றும், அத்தீயிலே கல் தன் ஆற்றலை இழந்தது என்றும் அக்கதை செல்லும். எட்கர் தேர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய பெருந்தொகுதியிலும் கம்மாளரின் இக்காந்தக் கோட்டை இடம்பெற்றிருக்கிறது. அக்கோட்டை நின்ற ஊர் நமது மாந்தையே என்று கொள்வோரும் உளர்.

கதையென்று தள்ளிவிடலாம். ஆனால் விஞ்ஞான ஆசிரியனாகிய எனக்கு அதில் ஒரு செய்தி புலப்படுகிறது. காந்தக் கல்லை ஏறக்குறைய 580 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை நீங்கிவிடும் என்பது இன்றைய பௌதிகம். உலைக்களத்தில் நின்று காந்தத்தையும் தீயையும் ஒருங்கே கையாண்ட ஒருவனுடைய அனுபவம், ஏட்டில் ஏறாமல் கதையில் ஏறியிருக்கிறது போலும். கோட்டை வீழ்ந்தது படைபலத்தாலன்று. பொருளின் இயல்பை மாற்றான் அறிந்துகொண்டமையால். இக்கருத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படை.

நிற்க. பட்டறைக்குள் நுழைவோம்.

முதல்நாளில் நான் உலையையே நோக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் சிரித்தார். “எல்லாரும் நெருப்பைத்தான் பார்ப்பினம், மாஸ்டர். நெருப்பு ஆருக்கும் கொழுத்தலாம். நீங்கள் இந்த மண்ணைப் பாருங்கோ” என்றார்.

“நாலு புறமும் கடல்மணல் கொட்டிக் கிடக்கிறதே, ஐயா. இந்த மண்ணை ஏன் தொலைவிலிருந்து கொண்டுவருகிறீர்கள்?” என்று வினவினேன்.

அவர் கூறிய விடையை என் சொற்களிலே தருகிறேன். கடல்மணலில் மூன்று குற்றங்கள் உள்ளன. ஒன்று, உப்பு; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு, சிப்பித் தூள். பித்தளை போன்ற பெருஞ்சூட்டு உலோகம் அதன்மேற் படும்போது சுண்ணாம்பு பிரிந்து வாயு கிளம்பும், வார்ப்பு முழுதும் கொப்புளமாகும். மூன்று, அதில் களி இல்லை. களியில்லாத மணல் எந்த உருவையும் பிடித்து நிற்காது. அருவியாறு கரையிலே படியவிடும் மெல்லிய வண்டலே அவர் கைக்கு உகந்த மண். அதில் களி குறைந்தால் கட்டுக்கரைக்குளத்துப் பக்கத்துக் களியைக் காயவைத்து, இடித்து, அரிதட்டில் அரித்துச் சிறிதளவு சேர்ப்பார். கும்பகோணத்துக்கு அருகேயுள்ள நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்போரும் இவ்வாறே காவிரிப் படுகையின் வண்டலை நம்பி வாழ்கின்றனர். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்விளக்கின் புகழுக்கு ஆற்றுமண்ணும் ஒரு காரணம். ஆறு கொடுத்த தொழில் என்று இதனைச் சொல்வதில் தவறில்லை.

மண்ணின் ஈரத்தை அளக்க அவரிடம் கருவி ஏதும் இல்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்குவார், கையை விரிப்பார். விரல் ரேகை மண்ணிலே பதிந்திருக்க வேண்டும். மண் உள்ளங்கையிலே ஒட்டக்கூடாது. பின் அதை இரண்டாக ஒடிப்பார். உதிராமல், கூர்மையான ஓரத்தோடு ஒடிந்தால் அது பக்குவம். ஈரம் குறைந்தால் அச்சு இடியும். கூடினாலோ ஆபத்து உயிருக்கே. ஒரு துளி நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்காக விரியும். உருகிய உலோகத்தின் அடியில் அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றிக் குமுறி, கொதிக்கும் உலோகத்தை முகத்திலே வாரி எறியும். அவருடைய இடது முன்கையிலே உள்ள தழும்பு அத்தகைய ஒரு மழைக்காலத்துக் கவனக்குறைவின் நினைவுச்சின்னம்.

அக்காலத்தில் அவர் மிகுதியும் வார்த்தது தாச்சி. மரத்தாற் செய்த தாச்சி உருவைக் கவிழ்த்து வைத்து, அதனைச் சூழ அச்சுப்பெட்டியை நிறுத்தி, மண்ணை அரித்து இட்டு, கட்டையால் இடித்து இறுக்குவார். பின் பெட்டியைப் புரட்டி, மண் மண்ணோடு ஒட்டாதிருக்கச் சாம்பல் தூவி, உட்புறத்துக்கும் மண்ணிடுவார். இரு பெட்டிகளையும் பிரித்து உருவை மெல்ல எடுத்தால், தாச்சி இருந்த இடத்தில் தாச்சியின் வெறுமை மட்டும் எஞ்சும். அந்த வெறுமைக்குள்ளேதான் உலோகம் பாய்கிறது. வார்க்க ஒரு துளையும், உலோகம் ஆறிச் சுருங்கும்போது குறையை ஈடுசெய்யத் திரவத்தைச் சேமித்து வைக்கும் மற்றொரு துளையும் அமைப்பார்.

இச்சுருக்கத்தைப் பற்றி அவர் கூறிய ஒன்று என் ஆசிரியப் பணிக்கே பாடமாயிற்று. அலுமினியம் உறையும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பங்கு நீளத்தில் குறையும். ஆகவே மர உருவை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். சிலர் மர உருவுக்குச் செலவிடத் தயங்கி, வார்த்த தாச்சியையே உருவாக வைத்து அடுத்ததை வார்ப்பர். அதை வைத்து அதற்கடுத்ததை வார்ப்பர். முப்பது சென்ரிமீற்றர் அகலமுள்ள தாச்சி இவ்வாறு மூன்று தலைமுறையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் சிறுத்துவிடும். “பார்த்துப் பார்த்துச் செய்தால் குறைஞ்சுகொண்டே போகும், மாஸ்டர். முதல் உருவுக்குத் திரும்பிப் போகவேணும்” என்றார். குறிப்பேட்டிலிருந்து குறிப்பேட்டுக்குப் பாடம் இறங்கி வரும் நம் வகுப்பறைகளை எண்ணி நான் வாய்திறக்கவில்லை.

மண் அச்சு ஏழையின் வீட்டுக்கு எத்துணை உதவியது என்பதை உலக வரலாறும் காட்டும். 1540இல் அச்சேறிய பிரிங்குச்சியோ என்னும் இத்தாலியரின் நூலிலே மண் அச்சு விவரிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி 1707இல் இரும்புப் பானையை மணலிலே வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுகாறும் செல்வர் வீட்டுப் பித்தளைப் பானையை ஏக்கத்தோடு பார்த்த குடியானவர் அடுப்பிலும் உலோகப் பானை ஏற அது வழிசெய்தது. மன்னார்க் கொட்டிலில் வார்த்த தாச்சியும் அவ்வழியிலேயே வந்தது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. மீளக் குடியேறியோர் முன்னே இருந்தவை கூரையற்ற சுவர்களும் காடேறிய வயல்களுமே. உழுவதற்கு மாடில்லை, வலைக்குப் பணமில்லை. நிலத்திலே பரந்து கிடந்த பழைய உலோகம் ஒன்றே உடனே காசாகக் கூடியதாக இருந்தது. பெரியோரும் சிறுவரும் சாக்கோடு புறப்பட்டனர். கண்ணிவெடிகள் அகற்றப்படாத நிலங்களிலும் அவர்கள் கால்கள் பட்டன. வடபுலத்தில் இவ்வாறு உயிரையும் உறுப்பையும் இழந்தோர் உண்டு.

என் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். தந்தையை இழந்த வீட்டின் மூத்த பிள்ளை. வாரத்தில் இரண்டு நாள் அவன் இருக்கை வெறுமையாகக் கிடக்கும். காரணம் கேட்டால் தலைகுனிவான். 2011ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, நான் பட்டறையில் இருந்தபோது அவன் சாக்குடன் அங்கே வந்தான். என்னைக் கண்டதும் திரும்பிப் போக முயன்றான். பெரியவர், “வா தம்பி, மாஸ்டர் ஒண்டும் சொல்லமாட்டார்” என்று அழைத்தார்.

அவர் எந்தச் சாக்கையும் கவிழ்த்துக் கொட்டுவதில்லை. ஒவ்வொன்றாகவே எடுப்பார். முதலில் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டினால் இரும்பு, ஒருபுறம். பின் கல்லில் தட்டி ஓசை கேட்பார். சன்னற் சட்டத்து அலுமினியம் ஒருவகையாக ஒலிக்கும். இயந்திரத்தின் பிஸ்டன் வேறாக ஒலிக்கும். ஒடிந்த முகத்தின் பரலைப் பார்த்து அதை உறுதி செய்வார். அரத்தால் சுரண்டி நிறம் பார்ப்பார். அலுமினியத்திலும் இலேசாகக் கனக்கும் துண்டு அகப்பட்டால் அது மக்னீசியமாக இருக்கக்கூடும். தீப்பற்றினால் நீருக்கும் அடங்காது. ஆகவே தனியே வைப்பார். அன்று நாலைந்து துண்டுகளை எடுத்தவர், சாக்கின் உள்ளே பார்த்தபடியே அசையாது நின்றார். பின் குரலை உயர்த்தாமல், “எல்லாரும் வெளியில போங்கோ. தம்பி, நீயும் சாக்கைத் தொடாமல் வா” என்றார்.

சேறு அப்பிய, இருபுறமும் மூடிய ஒரு பொருள் உள்ளே இருந்தது. பொலிசாருக்கு அறிவித்தோம், வெடிபொருள் அகற்றுவோர் வந்து கொண்டுசென்றனர். சற்று நேரத்துக்குப் பின் எங்கோ தொலைவில் ஓர் ஓசை கேட்டது. மாணவன் என் கையைப் பற்றியிருந்தான். அவன் கை நடுங்கியதா, என் கை நடுங்கியதா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அன்று அந்தத் தாயின் வீட்டிலே விளக்கெரிந்தது, “மூடிய எதையும் உலைக்குக் கொண்டுபோகாதே” என்னும் ஒரு விதியை ஒரு முதியவர் தம் கையிலே பழக்கி வைத்திருந்தமையால். உருக்கும் முன் அறிதல் என்பதே அவர் தொழிலின் சாரம். உலை எதையும் ஆராய்வதில்லை, வந்ததை விழுங்கும். அச்சும் ஆராய்வதில்லை, பாய்ந்ததை ஏற்கும். ஆராய வேண்டியவன் இவ்விரண்டுக்கும் முன்னே நிற்கும் மனிதன் ஒருவனே.

அந்நிகழ்ச்சிக்குப் பின் மாணவன் காட்டுக்குப் போகவில்லை. பாடசாலை விட்டதும் பட்டறைக்கு வந்து காற்றூதியைச் சுழற்றவும் மண் அரிக்கவும் தொடங்கினான். சோளகக் காலத்தில் உலைவாயைத் தென்மேற்குக்குத் திருப்பி வைத்தால் பாதிச் சுழற்சி மிச்சம் என்பதை அவன் அங்கேதான் கற்றான். பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவிலே மோதும் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியோரின் உலைகளைக் கில்லியன் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தியதையும், 1996இல் அது உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழொன்றில் வெளிவந்ததையும் நான் அவனுக்குச் சொன்னேன். “அப்ப நாங்கள் செய்யிறதும் படிப்புத்தானா சேர்?” என்று கேட்டான். ஆம் என்றேன்.

மற்றொரு நாள் சில கடற்றொழிலாளர் பழைய வாகன பற்றரிகளுடன் வந்தனர். வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயக்குண்டுகள் வேண்டும். ஈயம் 327 பாகையிலேயே உருகும். விறகடுப்பும் ஓட்டைச் சட்டியும் போதும். ஈரமற்ற மண்ணிலே குழி செய்து ஊற்றிவிடலாம். பெரியவர் மறுத்துவிட்டார். பற்றரியை உடைத்த வளவிலே கோழி செத்ததைத் தாம் கண்டதுண்டு என்பதே அவர் கூறிய காரணம். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு சென்றனர்.

அவர் கோழியை வைத்து உணர்ந்ததை நான் பின்னர் ஏட்டிலே படித்தேன். ஆபிரிக்காவின் மேற்குக்கரையில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்காருக்கு அருகே தியாரோய் என்றொரு கடற்கரையூர் உண்டு. மன்னாரைப் போலவே மீனும் மணலும் நிறைந்த ஊர். அங்கும் கொல்லர்கள் பற்றரி ஈயத்தை உருக்கி வலைக்குண்டு வார்த்து வந்தனர். ஆண்டுக்கணக்காக ஈயத்தூள் மணலோடு கலந்தது. ஈயத்தின் விலை ஏறியதும், அந்த மணலையே விலைக்குக் கேட்டு வணிகர் வந்தனர். பெண்கள் மணலை வீட்டுக்கு அள்ளிச் சென்று அரித்தனர். 2007ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அவ்வூரில் 18 குழந்தைகள் இறந்தனர். உலக சுகாதார நிறுவனத்தார் சென்று ஆராய்ந்தபோது ஈய நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. ஈயத்தில் ‘இவ்வளவு வரை தீங்கில்லை’ என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. மணலை நம்பி வாழும் கரையோர மக்களுக்கு இதைவிடக் கொடிய செய்தி வேறுண்டோ?

இச்செய்தியைப் பெரியவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மறுப்பு சரியானதென்று உலகமே சான்று கூறியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஏனெனில் தொடர்ந்து படித்ததில் மற்றொரு செய்தி என் கண்ணிற் பட்டது.

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு அது. கமரூன் நாட்டிலே பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சமையற் பாத்திரங்களிலிருந்து உணவிலே ஈயம் கசியக்கூடும் என்று அது காட்டியது. 2017இல் அதே ஆய்வாளர்கள் பத்து நாடுகளிலிருந்து 42 பாத்திரங்களைத் திரட்டிச் சோதித்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாத்திரங்கள் கவலைக்குரிய அளவு ஈயத்தை வெளிவிட்டன. இயந்திரத் துண்டுகளும், பற்றாசு பட்ட தகடுகளும், இனந்தெரியாத பலவும் ஒன்றாக உருகும்போது ஈயமும் உடன் கலந்துவிடுகிறது. புளியும் எலுமிச்சையும் சேர்ந்த கறி அதனை மெல்லக் கரைத்தெடுக்கும்.

அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் தயங்கினேன். தாச்சிதான் அவருக்குச் சோறு. மாதத்தில் அவர் விற்பவற்றுள் பெரும்பங்கு அது. நான் வாய் திறந்தால் ஒரு முதியவரின் அடுப்பு அணையக்கூடும். திறவாவிட்டால் பெயர் தெரியாத எத்தனை வீடுகளின் அடுப்பில் என்ன கொதிக்கும்? ஆசிரியன் அறிந்ததை மறைக்கலாமா? ஈற்றில் ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

அவர் கேட்ட முதற் கேள்வி, “தட்டிப் பார்த்தால் தெரியாதா, மாஸ்டர்?” என்பது.

“தெரியாது, ஐயா. நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்திருந்தால் காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆய்வுகூடத்துக் கருவிக்குத்தான் தெரியும்.”

“காந்தம்?”

“ஈயத்தைக் காந்தம் இழுக்காது, அலுமினியத்தையும் இழுக்காது.”

அவர் எழுந்து சுவரருகே சென்றார். தாச்சியின் மர உருவை எடுத்து, அதிலே படிந்திருந்த மண்ணைத் துணியால் துடைத்து, உயரத்திலிருந்த ஆணியிலே மாட்டினார். “அறியாததை ஊத்தக்கூடாது எண்டு நான்தானே பெடியனுக்குச் சொல்லிக் குடுத்தனான்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. சன்னற் சட்டத்தை மட்டும் பொறுக்கி உருக்கினால் என்ன என்று நான் ஏதோ சமாதானம் சொல்ல முயன்றேன். “பொறுக்கிறது நானல்லோ? என்ர கண்தான் போதாதெண்டு இப்ப சொன்னீங்கள்” என்று மறுத்துவிட்டார்.

அன்று முதல் அப்பட்டறையிலே தாச்சி வார்க்கப்படுவதில்லை. சில மாதங்கள் மிகவும் கடினமாகக் கழிந்தன. பின்னர் வள்ளங்களுக்குக் கப்பி, கதவுப் பிணைச்சல், நீர்ப்பம்பியின் மூடி, தையல் இயந்திரக் கால் என்று வேலை மெல்ல வந்தது. பழைய வருவாய் இன்னும் திரும்பவில்லை. அவர் பார்வையும் மங்கிவிட்டது. உலோகத்தை இப்பொழுது வார்ப்பவன் என் பழைய மாணவன். மூசையைக் குறட்டாற் பற்றித் தூக்கும்போது பெரியவர் அருகே நின்று, பாயும் ஒலியைக் காதால் மட்டும் கேட்டு, “மெல்ல... இப்ப நிறுத்தாதே...” என்று கூறுவார். அலுமினியத்தின் வஞ்சகம் யாதெனில், பகல் வெளிச்சத்தில் 700 பாகைச் சூட்டிலும் அது குளிர்ந்த பால்போலவே தோன்றும். கண் அங்கே பெரிதும் உதவாது என்பதால், கண் மங்கிய அவர் குருவாக நிற்பதில் முரண்பாடில்லை.

வாசகர்களுள் ஆசிரியர்கள் பலர் இருப்பர். பல்கலைக்கழகத்தில் பயில்வோரும் இருப்பர். அவர்கள்முன் ஒரு வேண்டுகோளை வைக்கவே இத்தனையும் எழுதினேன். கம்மாளர் கோட்டையை வீழ்த்தியது பொருளின் இயல்பை மாற்றான் அறிந்தமை. அவ்வறிவு காக்கவும் வல்லது. அதிற் பாதி தொழிலாளியின் கையிலே உள்ளது. அந்தப் பாதிதான் என் மாணவனை உயிரோடு காத்தது. மற்றப் பாதி நம் ஆய்வுகூடங்களில் உள்ளது. ஓர் உலோகத்துண்டில் எத்துணை ஈயம் உண்டென்று கூறவல்ல கருவிகள் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. கமக்காரன் தன் வயல் மண்ணைச் சோதனைக்குக் கொடுப்பதுபோல, வார்ப்புத் தொழிலாளி தன் வார்ப்பின் ஒரு துண்டைக் கொடுத்து விடைபெற ஒரு வாயில் வேண்டும். அது பெருஞ்செலவு கோரும் காரியமன்று. கையும் கருவியும் சந்திக்க ஒரு மேசை வேண்டும், அவ்வளவே.

சென்ற கிழமையும் அங்கே போயிருந்தேன். கப்பி ஒன்று வார்த்து முடிந்திருந்தது. இளைஞன் பெட்டியைத் திறந்து, சுட்ட மண்ணைக் கட்டையால் தட்டி உடைத்தான். அரைமணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த அச்சு ஒரு நொடியில் நொறுங்கியது. கப்பியை ஒருபுறம் வைத்துவிட்டு, கருகிய மண்ணை ஒதுக்கி, எஞ்சியதை நீர் தெளித்து, அரிதட்டில் இட்டான். நான் சுவரை நோக்கினேன். ஆணியிலே தாச்சி உரு அப்படியே தொங்கிற்று, தூசி இல்லை.

“இதைக் கழற்றவில்லையா?” என்று கேட்டேன்.

“இல்லை, சேர். ஐயா நாள்தோறும் துடைக்கச் சொல்லுவார். சோதிச்சுச் சொல்ல ஒரு இடம் கிடைச்சால், அண்டைக்கே இறக்கலாமாம்” என்றான், சொல்லிவிட்டு மண்ணை அரிக்கத் தொடங்கினான்.